ரேஷன் கார்டில் மூன்றாவது பிள்ளை

என்னைப் படிக்க வைத்து ஆளாக்கியவர் என் சித்தப்பா என்று எங்கள் சொந்தபந்தத்தில் ஒரு பேச்சு உண்டு. கல்யாண வீடோ இழவு வீடோ, எங்கே போனாலும் யாராவது ஒருவர் என் தோளைத் தொட்டு, "அவரு மட்டும் உன்னை அந்தமானுக்குக் கூட்டிட்டுப் போகலைன்னா நீ இன்னைக்கு டீச்சரா?" என்பார்கள். இத்தனை வருஷம் சிரித்து மழுப்பினேன். இனி என்னால் ஆகாது. அது பச்சைப் பொய். யார் யாரைப் படிக்க வைத்தார்கள் என்பதை நானே எழுதி வைத்துவிடுகிறேன். படித்துவிட்டு யாருக்குக் கோபம் வந்தாலும் வரட்டும்.

அப்பா செத்தபோது எனக்கு ஆறு வயது. எனக்குக் கீழே இரண்டு தம்பிகள். திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்தில் அம்மா பீடி சுற்றி எங்களுக்குக் கஞ்சி ஊற்றினாள். ஐம்பதுகளின் கடைசியில் ஒரு கோடையில் அப்பாவின் தம்பி குடும்பத்தோடு லீவில் வந்தார். போர்ட் பிளேரில் சர்க்கார் ஸ்டோரில் கிளார்க். வெள்ளைச் சட்டை, கையில் கடிகாரம், பேச்சுக்குப் பேச்சு 'மெயின்லேண்ட்' என்பார். ஊரே அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"மதினி, மூத்தவள எங்கூட அனுப்புங்க. படிக்க வைக்கேன். என் பிள்ளையளோட பிள்ளையா இருப்பா," என்றார். அம்மா அழுதாள். பிறகு என் இரண்டு பாவாடைகளைத் துவைத்துக் காயப்போட்டாள். நான் இரண்டாம் கிளாஸ் முடித்திருந்தேன். அந்தமானில் பெரிய பள்ளிக்கூடம், அங்கே பெஞ்சில் உட்கார்ந்துதான் படிப்பார்கள் என்று சித்தப்பா சொன்னது ஒன்றுதான் என் மண்டையில் நின்றது. அந்தப் பெஞ்சுக்காகத்தான் நான் அழாமல் கிளம்பினேன்.

சர்க்கார் ஊழியர் ஊருக்கு வந்து போகக் குடும்பத்துக்குக் கப்பல் டிக்கெட் இலவசம். குடும்பம் என்றால் பெண்டாட்டி, பிள்ளைகள். அண்ணன் மகளுக்குக் கிடையாது. சித்தப்பா அதற்கெல்லாம் அசருகிற ஆளில்லை. தாளில் தன் இரண்டு பிள்ளைகளுக்குக் கீழே மூன்றாவதாக என் பெயரை எழுதி, 'மகள்' என்று போட்டுவிட்டார். மெட்ராஸ் துறைமுகத்தில் வரிசையில் நிற்கும்போது குனிந்து என் காதில் சொன்னார்.

"யாரு கேட்டாலும் அப்பான்னுதான் சொல்லணும். என்ன?"

நாலு நாள் கப்பலில் அவரை அப்பா என்றே கூப்பிட்டேன். "அப்பா, தண்ணி வேணும். அப்பா, வாந்தி வருது." பங்க் கிளாஸில், அடுக்குப் படுக்கையின் மேல்தட்டில் படுத்துக்கொண்டு யாரும் கேட்காதபோதும் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். இரண்டு வருஷமாக அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு ஆள் இல்லை. எனக்கு அது பிடித்திருந்தது. இதை எழுதும்போது இப்போதும் வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

போர்ட் பிளேரில் ஹேடோ என்ற இடத்தில் குவார்ட்டர்ஸ். மரப்பலகைச் சுவர், தகரக் கூரை, வரிசையாக ஒரே மாதிரி வீடுகள், லைன் என்பார்கள். வாசல்படி ஏறி உள்ளே போனதும் கேட்டேன். "அப்பா, மூட்டைய எங்க வைக்க?"

சித்தி திரும்பி ஓங்கி ஒரு அறை விட்டாள். "எவன்டி உனக்கு அப்பா? உங்கப்பன் செத்து ரெண்டு வருசமாச்சு. கப்பலோட அந்தப் பேச்சு முடிஞ்சுது, தெரியுதா?"

சித்தப்பா பக்கத்தில்தான் நின்றார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "மூட்டைய அடுப்படியில வை," என்றார். அதுதான் என் இடமாகவும் ஆனது.

படிப்பு பற்றிப் பேச்சே இல்லை. சாத்தம் மரமில்லுக்குப் பாலத்தைக் கடந்து நடந்துபோய் ஒரு சாக்கு மரத்தூள் தலையில் தூக்கி வருவது என் வேலை. அந்த நாட்களில் எங்கள் லைனில் பாதி வீடுகளில் மரத்தூள் அடுப்புதான். தகர டின்னின் நடுவே ஒரு பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் தூளைக் கெட்டியாக அமுக்கி, பாட்டிலை மெதுவாக உருவ வேண்டும். ஓட்டை சரியாமல் நின்றால் மத்தியானம் வரை எரியும். தூள் ஈரமாக இருந்தால் சரியும், வீடு முழுக்கப் புகையும். அந்தமானில் வருஷத்தில் பாதி மழை. ஆகவே வருஷத்தில் பாதி நாள் நான் அடி வாங்கினேன்.

எங்களுக்கு இடப்பக்கம் ஒரு பெங்காலிக் குடும்பம், வலப்பக்கம் ஒரு மலையாளி ஃபோர்மேன். நடுவில் பலகைச் சுவர். ஒரு வீட்டில் தும்மினால் மூன்று வீட்டுக்குக் கேட்கும். எனக்கு விழுகிற அடி அத்தனையும் அவர்களுக்குக் கேட்டது. குழாயடியில் என் கையில் இருக்கும் வீக்கத்தைப் பார்ப்பார்கள், குடத்தை நகர்த்தி முதலில் பிடித்துக்கொள்ளச் சொல்வார்கள். அவ்வளவுதான். தமிழ்ச் சங்கத்துக் கூட்டத்தில் சித்தப்பா குழந்தைகள் ஒழுக்கம் பற்றிப் பேசினார், எல்லோரும் கைதட்டினார்கள். அவர்கள் வீட்டு விஷயம் என்று ஒரு வார்த்தை இருக்கிறதே, அதற்குப் பின்னால் ஒரு ஊரே வசதியாக உட்கார்ந்துகொள்ளலாம்.

என் பெயரில் அரிசி வந்தது. அதைச் சொல்ல மறக்கக் கூடாது. கப்பல் பட்டியலைப் பார்த்துத்தான் ரேஷன் கார்டும் எழுதினார்கள். ஐந்து தலை. என் தலைக்கான அரிசி, சர்க்கரை, மண்ணெண்ணெய் எல்லாம் என் தலையிலேயே ஏறி வீட்டுக்கு வந்தது. தட்டில் எனக்கு விழுந்தது கடைசியில் ஒட்டியிருந்த பருக்கை. எப்போதாவது ரேஷன் இன்ஸ்பெக்டர் தலை எண்ண லைனுக்கு வருவார். வருகிறார் என்று தெரிந்தவுடன் சித்தி என்னைப் பிடித்து உட்காரவைத்து எண்ணெய் தேய்த்துத் தலைவாரி, தன் மகளின் கவுனை மாட்டிவிட்டு, கையில் ஒரு சிலேட்டைக் கொடுப்பாள். அவர் போனதும் கவுனைக் கழற்றிவிடுவாள். அந்தத் தலைவாரலுக்காக நான் இன்ஸ்பெக்டர் வருவதை எதிர்பார்த்துக் கிடந்தேன்.

இப்படி இரண்டு வருஷம் ஓடியது. ஒருநாள் காலையில் அடுப்புப் பற்றவைக்கக் காகிதம் தேடினேன். பழைய பேப்பர்க் கட்டுக்குள் நீல நிற இன்லேண்ட் லெட்டர் ஒன்று கிடந்தது. அம்மாவுக்கு எழுதத் தெரியாது, யாரையோ வைத்து எழுதியிருந்தாள். நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

'நீ அஞ்சாங்கிளாஸ் போயிட்டேன்னு கொழுந்தன் காயிதம் போட்டிருந்தாக. கணக்குல முதல் மார்க்காமே. கோயில்ல தேங்கா உடைச்சேன் தாயி.'

திரும்பத் திரும்பப் படித்தேன். ஒவ்வொரு வருஷமும் சித்தப்பா என்னைப் பாஸ் போட்டுக்கொண்டே வந்திருக்கிறார், நாக்கூசாமல். நான் இங்கே சாக்கு சுமக்கிறேன், அங்கே அம்மா எனக்காகத் தேங்காய் உடைக்கிறாள். அடித்ததைக்கூட நான் பொறுத்திருப்பேன். எனக்குக் கிடைக்காத கணக்குப் பாடத்தில் எனக்கு முதல் மார்க் போட்டதை என்னால் பொறுக்க முடியவில்லை. அன்றுதான் எனக்கு முதன்முதலாகக் கோபம் என்றால் என்னவென்று தெரிந்தது. அதுவரை பயம் மட்டும்தான்.

படித்துக்கொண்டிருந்ததில் பாட்டிலைச் சரியாக உருவவில்லை. அடுப்பு சரிந்து புகை மண்டியது. சித்தி கொதித்துப்போய் ஓடிவந்து இடுக்கியைத் தணலில் காட்டி என் இடது முழங்கைக்குக் கீழே வைத்தாள். லெட்டர் என் பாவாடை இடுப்பில் செருகியிருந்தது. அதை மட்டும் நான் விடவில்லை.

புண் ஆறுவதற்குள் அந்த வாத்தியார் வந்தார். தெலுங்குக்காரர், குடையும் ஒரு நோட்டுமாக மழையில் வீடு வீடாக ஏறி இறங்கினார். பள்ளிக்கூட வயசுப் பிள்ளைகள் யாரெல்லாம் இன்னும் சேரவில்லை என்று கணக்கெடுப்பு. அதற்கு அவர்கள் கையில் வைத்திருந்தது ரேஷன் கார்டுப் பட்டியல். கப்பலுக்கும் அரிசிக்கும் எழுதிய பெயர் பள்ளிக்கூடத்துக்கும் போய்ச் சேரும் என்று சித்தப்பாவுக்குத் தோன்றவே இல்லை. எங்கள் லைனில் இப்படித் தலை கூட்டி எழுதியவர்கள் நிறையப் பேர், யாருக்குமே தோன்றவில்லை.

படியில் நின்றுகொண்டே நோட்டைப் பார்த்துக் கேட்டார். "தீஸ்ரா பச்சா கிதர் ஹை?" மூன்றாவது பிள்ளை எங்கே என்கிறார்.

சித்தி தனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொன்னாள். "வோ மெயின்லேண்ட் கயா. பிச்லா ஜஹாஜ் மே." போன கப்பலில் ஊருக்குப் போய்விட்டாளாம்.

"தோ நாம் காட் தூ?" வாத்தியார் காதிலிருந்து பென்சிலை எடுத்தார். பெயரை அடித்துவிடட்டுமா என்று கேட்டார். பெயர் போனால் என் தலைக்கான அரிசியும் போகும் என்று சித்தி கணக்குப் போட்டிருப்பாள்.

நான் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்றேன். அந்தப் பென்சிலைப் பார்த்தேன். அது தாளில் இறங்கினால் நான் எங்கேயும் இல்லை. ஊரில் நான் அந்தமானில் படிக்கிற பெண். இங்கே நான் ஊருக்குப் போய்விட்ட பெண். வெளியே வந்தேன். உடம்பெல்லாம் மரத்தூள்.

"மை இதர் ஹூன், மாஸ்டர்ஜி. ராஷன் கார்ட் மே தீஸ்ரா நாம் மேரா ஹை."

குழாயடியிலும் ரேஷன் வரிசையிலும் பொறுக்கிய ஹிந்தி எனக்கு அன்று கைகொடுத்தது. நான் இங்கேதான் இருக்கிறேன், மூன்றாவது பெயர் என்னுடையது. வாத்தியார் என்னைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். அப்பா யார் என்று கேட்டார். சித்தி என்னை முறைத்தாள். நான் சித்தப்பாவின் பெயரைத் தெளிவாகச் சொன்னேன். பொய்தான். ஆனால் அது அவர்கள் எழுதிய பொய். அதன் மேலேயே ஏறி நின்றுகொண்டேன்.

வாத்தியார் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டு, "கல் ஸே ஸ்கூல் பேஜ்னா," என்றார். நாளையிலிருந்து அனுப்புங்கள். அவர் ஒன்றும் தெய்வமில்லை. கையில் இருந்த புண்ணைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, பட்டியலில் ஒரு கட்டம் நிரம்பியது, அடுத்த வீட்டுக்குப் போனார். ஆனாலும் அந்தக் கட்டம் எனக்குப் போதும்.

சாயங்காலம் சித்தப்பா பெல்ட்டைக் கழற்றினார். குடும்ப மானம், நன்றி கெட்ட நாய், எல்லாம் சொன்னார். மறுநாள் காலையில் அவரே என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனார். போகாவிட்டால் அவர் வேலைக்கே ஆபத்து என்று அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். பத்து வயதில் மூன்றாம் கிளாஸில் எட்டு வயசுக் குழந்தைகள் நடுவே உட்கார்ந்தேன். பெஞ்சு இருந்தது. அதில் மட்டும் அவர் பொய் சொல்லவில்லை.

இதுதான் அவர் என்னைப் படிக்க வைத்த கதை.

விடியற்காலையில் தூள், சாயங்காலம் பாத்திரம், நடுவில் பள்ளிக்கூடம் என்று ஒன்பது வருஷம். எழுதப் பழகியதும் அம்மாவுக்கு உள்ளதை உள்ளபடி நானே எழுதிப் போட்டேன். அடுத்த கப்பலில் பதில் வந்தது. 'பொறுத்துக்கோ தாயி. நமக்கு வேற போக்கிடம் ஏது? சித்தப்பா மனசு கோணாம நடந்துக்கோ.' ஒரு வருஷம் அம்மாவுக்கு நான் எழுதவில்லை. அவளுக்கு அங்கே வேறு வழி இல்லை என்று இப்போது தெரிகிறது. தெரிந்ததால் வலி குறைந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

பதினோராம் வகுப்பு முடிக்கும்போது சித்தப்பா ரிட்டையரானார். ஊருக்குத் திரும்பும் கப்பல் பட்டியலில் மறுபடியும் நான் மகள். ஊரில் சித்தியின் தம்பி, நாற்பது வயசு, பெண்டாட்டி செத்தவர், எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார். எனக்கோ போர்ட் பிளேரிலேயே டீச்சர் டிரெய்னிங்கில் இடம் கிடைத்திருந்தது, ஹாஸ்டலோடு. நான் சித்தப்பாவிடமே சொன்னேன்.

"என் பேர நீங்களே அடிச்சிருங்க. இல்லைன்னா நான் ஆபீசுக்குப் போய், நான் இவரு அண்ணன் மகள்னு சொல்லுதேன்னு வைங்க, அப்புறம் பென்ஷன் என்னாகும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க."

"யாரு போட்ட சோத்தத் தின்னு வளந்தட்டி நீ?" என்றாள் சித்தி. சித்தப்பா அன்றே போய்ப் பெயரை அடித்துவிட்டு வந்தார்.

டிரெய்னிங் முடிந்ததும் அந்தமானிலேயே பெரார்கஞ்ச் என்ற ஊரில் ஆரம்பப் பள்ளியில் வேலை கிடைத்தது. கல்யாணம் நானே பார்த்து முடித்துக்கொண்டேன். ஒரு மகள். அம்மாவை வரவழைத்து மூன்று மாதம் வைத்துக்கொண்டேன். அவள் என் கைத் தழும்பைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

அடி வாங்கியதால்தான் நான் இப்படி நிமிர்ந்து நிற்கிறேன் என்று சொல்கிற கூட்டம் ஒன்று உண்டு. அவர்களுக்கு இதைச் சொல்கிறேன். மகளுக்கு நாலு வயதிருக்கும். ஸ்டவ்வுக்கு ஊற்ற வைத்திருந்த மண்ணெண்ணெயைக் கவிழ்த்துவிட்டாள். என் கை என்னைக் கேட்காமல் எழுந்து அவள் கன்னத்தில் இறங்கியது. வாயிலிருந்து வந்தது சித்தியின் குரல், அதே 'மூதேவி', அதே இழுப்பு. குழந்தை அழவில்லை. சுவரோரம் போய் ஒடுங்கி நின்று என் கையை மட்டும் பார்த்தாள். எனக்கு அந்த நிற்பு தெரியும். அடியால் எனக்குக் கிடைத்தது இதுதான், நிமிர்வு இல்லை. நிமிர்வு நான் படித்த படிப்பில் வந்தது. அன்று மகள் முன்னால் உட்கார்ந்து, "அம்மா செஞ்சது தப்பு," என்றேன். அந்த வாக்கியத்தை என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் சொல்லி நான் கேட்டதில்லை. அதற்கப்புறம் கையை ஓங்கவில்லை. ஓங்க வந்த நாட்கள் உண்டு. வெளியே போய் மழையில் நின்றிருக்கிறேன்.

சித்தியைப் பதினாலு வயதில் கட்டிக்கொடுத்தார்கள் என்பதும், சித்தப்பா அவளையும் அடிப்பார் என்பதும் எனக்குத் தெரியும். பலகைச் சுவருக்கு உள்ளேதானே நானும் இருந்தேன். தெரியும் என்பது வேறு, விட்டுவிடு என்பது வேறு. அவளுக்கு விழுந்த அடியை அவள் என் மேல் இறக்கினாள். நானும் இறக்கி வைக்க ஒரு குழந்தை என் வீட்டிலும் இருந்தாள். ஒருமுறை இறங்கிய கையை நான் நிறுத்திக்கொண்டேன். அவளாலும் முடிந்திருக்கும்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சித்தப்பா என் வீட்டு வாசலில் வந்து நின்றார். சித்தி செத்துப்போயிருந்தாள். மகன் வைத்துக்கொள்ளவில்லை, மகள் வீட்டில் மருமகன் முகம் கொடுக்கவில்லை. கப்பலிலிருந்து இறங்கி பஸ் பிடித்து விசாரித்து வந்திருக்கிறார். நான் வெளியே வருவதற்குள் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் டீச்சரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "நான்தாம்மா அவளப் படிக்க வச்சேன்."

உள்ளே கூப்பிட்டேன். மேஜையில் தட்டு வைத்துச் சோறும் மீன்குழம்பும் பரிமாறினேன். எனக்கும் ஒரு தட்டு வைத்து எதிரிலேயே உட்கார்ந்தேன். அவர் சாப்பிடும்போது நான் உட்கார்ந்து சாப்பிட்டது அதுதான் முதல் தடவை. மகளுக்கு அப்போது ஆறு வயது, அவரை வேடிக்கை பார்த்தாள்.

"தாத்தான்னு கூப்பிடு பாப்போம்," என்றார் அவளிடம்.

"அவ கூப்பிட மாட்டா," என்றேன்.

"ஏட்டி, பள்ளிக்கூட சர்டிபிகேட்டுலயும் சர்வீஸ் புக்குலயும் உனக்கு அப்பா நான்தான? அப்போ அவளுக்கு நான் யாரு?"

"தாள்ல நீங்கதான். வீட்டுல எவன் எனக்கு அப்பா?"

சித்தியின் வார்த்தையை வேண்டுமென்றேதான் சொன்னேன். இருபது வருஷம் அதை வைத்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் ஒன்றுமே இல்லை. அவருக்கு ஞாபகமே இல்லை. அந்த வாசல், அந்த அறை, ஆணியில் மாட்டிய சட்டை, எதுவும் இல்லை. என் உடம்பு ஒரு நாளும் மறக்காததை அவர் சுமக்கக்கூட இல்லை.

மகள் என் கையைப் பிடித்தாள். தழும்பைக் கேட்கும்போதெல்லாம் சமைக்கும்போது சுட்டுக்கொண்டேன் என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தேன். அந்தப் பொய்யும் இந்த வீட்டில் எதற்கு என்று தோன்றியது. "பாப்பா, இது தானா சுட்டதில்ல," என்று ஆரம்பித்தேன். மரத்தூள், இடுக்கி, நீல லெட்டர், வாத்தியாரின் பென்சில், பெல்ட், எல்லாவற்றையும் ஆறு வயசுக்குப் புரிகிற மாதிரி, குரலை உயர்த்தாமல், அவர் முன்னாலேயே சொன்னேன். சித்தப்பாவின் கையில் பிசைந்த சோறு அப்படியே நின்றது.

"சாப்பிடுங்க, ஆறிடும்," என்றேன்.

அடுத்த கப்பல் வரும்வரை பத்து நாள் இருந்தார். மூன்று வேளையும் போட்டேன், பாய் கொடுத்தேன், காய்ச்சலுக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். அதை மன்னிப்பு என்று அவர் எடுத்துக்கொண்டிருந்தால் அது அவர் பாடு. இங்கேயே இருந்துவிடட்டுமா என்று ஒருமுறை கேட்டார். முடியாது என்றேன்.

டிக்கெட் ஆபீசில் அவர் படிவத்தை நான்தான் நிரப்பினேன். டிக்கெட் எடுப்பவருக்குப் பயணி என்ன உறவு என்று ஒரு வரி இருந்தது. அவர் பக்கத்தில் நின்று என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். 'அப்பாவின் தம்பி' என்று எழுதினேன். எனக்கும் அவருக்கும் என்ன உறவு என்று எழுதிய கப்பல் தாள்களில் உண்மை இருந்தது அது ஒன்றில்தான்.